மோரிஸ் மைனரின் பின் ஸ்பிரிங்கை உயர்த்தினால் தோட்டத்துச் சாலை தாண்டுமா?

கேள்வி: மலேசியாவின் தெலுக் இந்தான் வாசகர், 2023 பிப்ரவரி 11
என்னிடம் 1965 மோரிஸ் மைனர் 1000 கார் இருக்கிறது. மாமா வீடு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள். மண் சாலையில் போனால் அடி தட்டுகிறது. பின் ஸ்பிரிங்கின் நுனியைப் பாடியோடு பிணைக்கும் செக்கிளை நீளமாக மாற்றினால் ரெண்டு இன்ச் ஏறிவிடும், அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று ஸ்பிரிங் கடையில் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதில்: பிப்ரவரி 11, இரவு
செய்திருக்கிறேன். நாலே மாதத்தில் கழற்றியும் போட்டிருக்கிறேன். கடைக்காரர் சொன்ன ரெண்டு இன்ச் வரும், பொய்யில்லை. ஆனால் எந்த இடம் ரெண்டு இன்ச் ஏறுகிறது என்று அவர் சொல்லவில்லை. நாளை ஞாயிறு, உட்கார்ந்து எழுதுகிறேன். அதுவரை செக்கிளுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 12
நான் சுங்கை சிப்புட்காரன். என் மைனர் அப்பாவுடையது. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது வாங்கியது, 1098 சிசி. அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. தொழிலாளர் வீடுகளான லயங்களில் ஆள் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. ஆடியில் ஒருநாள் பழைய குடும்பங்கள் எல்லாம் அங்கே கூடும். பெரிய சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். அம்மாவுக்கு அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும். வேறு யாராவது ஹைலக்ஸ் பிக்கப் கொண்டு வந்து நின்றாலும் ஏற மாட்டார். இதுதான் நான் இந்த வேலையில் இறங்கிய காரணம்.

போன வருடம் செக்கிளை மூன்று இன்ச் நீட்டிப் போட்டேன். மூன்று இன்ச் நீட்டினால் கார் மூன்று இன்ச் ஏறாது. மைனரின் பின் ஸ்பிரிங் சுருள் இல்லை, நீளவாக்கில் அடுக்கிய இரும்புப் பட்டைகள். செக்கிள் இருப்பது ஸ்பிரிங்கின் பின் நுனியில், அச்சு உட்கார்ந்திருப்பது சுமாராக நடுவில். அதனால் பாதிதான் வரும். எனக்கு ஒன்றரை இன்ச் ஏறியது. பின்பக்கம் நிமிர்ந்து நின்ற அழகைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளே தோட்டத்துச் சாலைக்கு எடுத்துப் போனேன். ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, சாலையின் நடுமேட்டில் டங் என்று அதே சத்தம். அதே இடம். இறங்கி, குப்புறப் படுத்து, டேப்பை வைத்து அளந்தேன். தரையிலிருந்து, பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷலின் அடி வரை ஆறரை இன்ச். செக்கிள் மாற்றுவதற்கு முன்னால் வீட்டுச் சிமெண்டுத் தரையில் அளந்து சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்திருந்தது எவ்வளவு தெரியுமா? ஆறரை இன்ச்.

அளவில் தப்பு என்று நினைத்து வீட்டுக்கு வந்து மறுபடியும் அளந்தேன். மாறவே இல்லை. அப்புறம்தான் புரிந்தது. மைனரின் பின் அச்சு ஒரே கட்டை. இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரு குழாய், நடுவில் குடம் மாதிரி டிஃபரன்ஷல். அந்தக் கட்டை நிற்பது டயரின் மேல், ஸ்பிரிங்கில் தொங்கவில்லை. ஸ்பிரிங்கை என்ன செய்தாலும் ஏறுவது கட்டைக்கு மேலே உள்ள பாடிதான். குடம் டயரின் பாதி உயரத்திலேயே நிற்கும். உங்கள் கார் எங்கே தட்டுகிறது தம்பி? முதலில் அதைச் சொல்லுங்கள். குடம்தான் தட்டுகிறது என்றால் செக்கிளுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடச் செலவழிக்காதீர்கள்.

பிப்ரவரி 12, மாலை
ஒரு நண்பர், "செக்கிள் எதற்கு? ஹைலக்ஸுக்குப் போடுகிற மாதிரி அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வையுங்கள்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். ஹைலக்ஸில் ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருக்கிறது. நடுவில் கட்டை வைத்தால் பாடி ஏறும். மைனரில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே ஓடுகிறது, அச்சு அதன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கட்டை வைத்தால் ஸ்பிரிங் கீழே போகும், அதோடு பாடியும் இறங்கும். காரைத் தாழ்த்த நினைப்பவர்கள் செய்கிற வேலை அது. பழைய டாட்சன், கொரோலாவில் பட்டை ஸ்பிரிங் இருந்தாலும் முதலில் குனிந்து பார்த்துவிடுங்கள், பட்டை மேலேயா கீழேயா என்று.

பிப்ரவரி 15
செக்கிளைக் கழற்றிய கதை மிச்சம் இருக்கிறது.

நீட்டிய செக்கிள் ஸ்பிரிங்கின் பின் நுனியைக் கீழே தள்ளுகிறது. முன் நுனி அசையாமல் இருக்கிறது. ஆக ஸ்பிரிங் மொத்தமும் சாய்கிறது, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அச்சும் சேர்ந்து சாய்ந்து டிஃபரன்ஷலின் மூக்கு மேலே பார்க்கிறது. கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் உள்ள, வளைந்து சுழலும் யுனிவர்சல் ஜாயிண்டுகள் கிட்டத்தட்ட ஒரே கோணத்தில் ஓட வேண்டும். ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்றானால் அதிரும். எனக்கு மணிக்கு 60 கிலோமீட்டரில் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு உறுமல் வர ஆரம்பித்தது. 70-ல் கண்ணாடி நடுங்கியது. ஈப்போவுக்குப் போய்வரும் பெரிய சாலையில் இது எவ்வளவு தொல்லை என்று ஓட்டுபவர்களுக்குத் தெரியும். தோட்டத்துக்குள் நாலு கிலோமீட்டர் போவதற்காக மீதி நாளெல்லாம் அதிர்ந்துகொண்டே ஓட்டுவதா?

இதற்கு மருந்து ஆப்பு. மூன்று டிகிரி சரிவில் கடைந்த இரும்பு ஆப்பை அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வைத்து மூக்கைப் பழைய நிலைக்குத் தாழ்த்துவது. தடித்த பக்கம் முன்னால் வரும்படி வைக்க வேண்டும்.

இன்னொன்று, பக்கவாட்டு ஆட்டம். செக்கிள் எவ்வளவு நீளமோ அவ்வளவு நெகிழும். வளைவில் பின்பக்கம் ஒரு கணம் தாமதமாகத் திரும்புகிற மாதிரி இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மகள், "அப்பா, கார் வழுக்குதா?" என்று கேட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதை வைத்திருக்கக் கூடாது என்று.

பிப்ரவரி 16
நேற்று எழுதியதில் ஒரு தப்பு, முக்கியமான தப்பு. ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும். மைனரில் அச்சு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால் அச்சின் பின்புறத்தை உயர்த்தினால்தான் மூக்கு தாழும். நானும் முதலில் முன்னால் வைத்துத்தான் பூட்டினேன், உறுமல் இரண்டு மடங்கானது. திருப்பிப் பூட்டிய பிறகுதான் அடங்கியது. கையில் நடந்தது சரியாக ஞாபகம் இருந்தும் எழுதும்போது மாற்றி எழுதிவிட்டேன். ஏற்கெனவே படித்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 26
தெலுக் இந்தான் தம்பி பதில் போட்டிருக்கிறார். தட்டுவது குடம்தானாம், சாலையின் நடுமேட்டில்.

இந்த நடுமேடு எங்கிருந்து வந்தது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. என் சின்ன வயதில் எங்கள் தோட்டம் கித்தா, அதாவது ரப்பர். விடியுமுன் பால்வெட்டு. பாலை, காண்டாக் கம்பில் தொங்கும் வாளிகளில் தோளில் சுமந்து வருவார்கள். பால் லோரி சிறிசு. செம்மண் சாலை மேசை மாதிரி இருக்கும். அப்பா இதே காரை எந்தக் கவலையும் இல்லாமல் ஓட்டிப் போவார். செம்பனை வந்த பிறகு சுமை மாறிவிட்டது. ஒரு குலையே இருபது கிலோவுக்கு வரும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். அதனால் மழையென்றும் பாராமல் டிராக்டரும் லோரியும் ஓடுகின்றன. ஈரமண்ணில் கனமான சக்கரம் இரண்டு பக்கமும் பள்ளம் பறிக்கிறது. நடுவில் யாரும் மிதிக்காத மண் மேடாக நிற்கிறது, அதில் புல் வேறு. டிராக்டருக்கு வயிறு உயரம், அதற்கு ஒன்றும் தெரியாது. மைனரின் குடம் அந்த மேட்டை உழுதுகொண்டு போகிறது.

ஆகவே தம்பி, ஒரு வெள்ளி செலவில்லாத வழி: பள்ளத்தில் இறங்காதீர்கள். ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டின் மேல் ஏற்றுங்கள், மறுபக்கச் சக்கரம் சாலை ஓரத்தில் போகட்டும். குடம் அப்போது பள்ளத்துக்கு மேலே வந்துவிடும், அடியில் வேண்டிய இடம் கிடைக்கும். கார் ஒரு பக்கம் சாய்ந்து போகும், பயப்பட வேண்டாம், மெதுவாகப் போங்கள். காய்ந்த நாளில் மட்டும். மழை பெய்த செம்மண்ணில் மேட்டின் மேல் ஏறிய சக்கரம் சோப்பில் வைத்த மாதிரி வழுக்கும். உங்கள் பக்கம் களிமண், அது இன்னும் மோசம். இரண்டு பக்கமும் கால்வாய் வேறு.

மார்ச் 5
பாடியை உயர்த்துவதில் பயனே இல்லை என்கிற மாதிரி எழுதிவிட்டேன். இந்த வாரம் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்தேன். நான் எழுதியது முழுக்கச் சரியில்லை.

குடத்தின் அடியில் கீறல் இருக்கிறது. ஆனால் சைலன்சரிலும் கீறல் இருக்கிறது. பெட்ரோல் டாங்கியின் பின் விளிம்பில் பெயிண்ட் போய் இரும்பு மின்னுகிறது. மைனரில் டாங்கி, டிக்கியின் தரைக்கு அடியில்தான். இவை எல்லாம் பாடியோடு சேர்ந்தவை, பாடி ஏறினால் இவையும் ஏறும். அதோடு வலப்பக்கப் பின் ஸ்பிரிங் தளர்ந்து போயிருக்கிறது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தேன். இப்படி அளந்தால் டயரில் காற்று கூடக் குறைய இருந்தாலும் கணக்குக் கெடாது. இடத்தைவிட வலம் 18 மில்லிமீட்டர் தாழ்வு. ஐம்பது வருடத்துக்கு மேல் ஓட்டுநரின் எடை அந்தப் பக்கம்.

நாலு பேரை ஏற்றினேன். அம்மா, மனைவி, பக்கத்து வீட்டு அண்ணன், அவர் மகன். பின்பக்கம் 60 மில்லிமீட்டர் இறங்கியது! வெறும் காரை வைத்து நான் அளந்ததெல்லாம் வீண். கோயிலுக்கு நான் தனியாகவா போகப் போகிறேன்? அரிசி, தேங்காய், பால்குடம், நாலு பேர் என்று போகும்போது டாங்கி எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி.

எனவே என் முடிவை மாற்றிக்கொள்கிறேன். காரைப் புது உயரத்துக்குத் தூக்க வேண்டாம். இழந்த உயரத்தை மீட்க வேண்டும், ஆள் ஏறினால் அது தங்கவும் வேண்டும். அதற்குச் செக்கிள் உதவாது, பட்டையில்தான் கைவைக்க வேண்டும்.

மார்ச் 19
இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றி, லோரிக்கு வேலை செய்யும் ஒரு பழைய ஸ்பிரிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரச் சீனப் பெரியவர் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் பரப்பினார். என் காரில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பட்டை. வலப்பக்கத்தின் தாய்ப்பட்டையை, அதாவது அடுக்கின் மிக நீளமான பட்டையை, இடப்பக்கத் தாய்ப்பட்டையின் மேல் வைத்துக் காட்டினார். நடுவில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

அவர் வளைத்த விதம் எனக்குப் பிடித்தது. நெருப்பே காட்டவில்லை. பட்டையை அழுத்துக் கருவியில் வைத்து, அரை இன்ச் நகர்த்தி ஒரு அழுத்து, மறுபடியும் அரை இன்ச் நகர்த்தி ஒரு அழுத்து. பத்துப் பன்னிரண்டு முறை அழுத்திய பிறகு தரையில் சாக்பீஸால் வரைந்த வளைவின் மேல் வைத்துப் பார்ப்பார். கேஸ் விளக்கில் சுட்டு வளைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் இரும்பின் பதம் போய்விடும், ஆறு மாதத்தில் மறுபடியும் தொங்கும். யாராவது டார்ச்சைக் கையில் எடுத்தால் ஸ்பிரிங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆறாவதாக ஒரு நடுத்தர நீளப் பட்டையும் சேர்த்தோம். அதே அகலம், கொஞ்சம் மெல்லிசு. நான் ஏழு போடலாமா என்று கேட்டேன். மைனரின் வேனுக்கும், டிராவலர் என்ற ஸ்டேஷன் வேகனுக்கும் ஏழு உண்டு. பெரியவர் தலையாட்டி மறுத்தார். வெறும் காரில் ஏழு பட்டை போட்டால் சக்கரம் மேட்டில் அமுங்காமல் துள்ளும். மண் சாலையில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளினால் பிடிமானம் ஏது? அவர் சொன்னது சரி.

பட்டை கூடினால், அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட் எட்டாது. புதிதாக வளைத்துத்தான் வாங்க வேண்டும். எட்டினாலும் பழையதைத் திருப்பிப் பூட்டாதீர்கள், ஒருமுறை இழுபட்ட மரையை மறுமுறை நம்ப முடியாது. பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்டும் புதிது.

ஏப்ரல் 2
ஸ்பிரிங்கை மாட்டப் போய் வேறு ஒன்று கிளம்பிவிட்டது.

பின் ஸ்பிரிங்கின் முன் நுனி பாடியில் மாட்டியிருக்கும் இடத்தை ஸ்குரூடிரைவரால் தட்டிப் பார்த்தேன். ணங் ணங் என்று கேட்க வேண்டும். இடப்பக்கம் அப்படிக் கேட்டது. வலப்பக்கம் தொப் என்றது. கொஞ்சம் அழுத்தினேன், கருப்பு ரப்பர் பூச்சு தோல் மாதிரி உரிந்து ஸ்குரூடிரைவர் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. உள்ளே ஈரச் செம்மண், அதோடு தேயிலைத் தூள் மாதிரி துரு.

நாலு வருடத்துக்கு முன் ஒரு பட்டறையில் அடிப்பாகம் முழுக்கத் துரு எடுத்து வெல்டிங் செய்ததாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். வெல்டிங் எதுவும் இல்லை. துருவின் மேலேயே தகடு ஒட்டி, பசை பூசி, கருப்பு அடித்திருக்கிறார்கள். அதன் மேல்தான் இத்தனை நாள் என் பிள்ளைகளை ஏற்றிப் போயிருக்கிறேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மைனருக்குத் தனியாக அடிச்சட்டம் (சேசிஸ்) கிடையாது, பாடியே எலும்பு. ஸ்பிரிங் மாட்டும் இடம் போனால் அச்சே இடம் மாறிவிடும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் மேட்டில் விழும் அடி நேராக அந்த இடத்துக்குத்தான் போகும். அதனால் நான் இதுவரை எழுதிய எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது: நாலு மாட்டுமிடத்தையும் தட்டிப் பாருங்கள். பூச்சு அழகாக இருந்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

ஏப்ரல் 16
துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் முடிந்தது. இந்த முறை பக்கத்திலேயே நின்றேன். ஸ்பிரிங்குகள் மாட்டியாகிவிட்டன. வெறும் காரில் வலப்பக்கம் 30 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது, இரண்டு பக்கமும் சமம். அதே நாலு பேரை ஏற்றிப் பார்த்தேன், 60-க்குப் பதில் 45 இறங்கியது. போதும்.

உயரம் மாறினால் கூடவே பார்க்க வேண்டியவை எனக்கு ஒவ்வொன்றாகத்தான் தெரிய வந்தன. முதலில், குலுக்கலை அடக்கும் அப்சார்பர். மைனரில் இப்போதைய குழாய் அப்சார்பர் கிடையாது. பாடியில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு கை, கையின் நுனியிலிருந்து ஒரு இணைப்புக் கம்பி ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டுக்கு. பாடி ஏறியதும் அந்தக் கை கீழே இழுபட்டு நின்றது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது கைக்கு மேற்கொண்டு போக இடமில்லை. கம்பியை 25 மில்லிமீட்டர் நீட்டிக் கடைந்து வாங்கினேன். பெட்டிக்குள் எண்ணெயும் பாதிதான் இருந்தது.

அப்புறம் பிரேக் ஹோஸ். காரைப் பாடியில் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பாடிக்கும் அச்சுக்கும் நடுவில் உள்ள ஹோஸ் இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நின்றது. இதை யாரும் கவனிப்பதில்லை, கார் தரையில் நிற்கும்போது தெரியவும் தெரியாது. ஒரு பள்ளத்தில் அது பிய்ந்தால் பிரேக் மொத்தமும் போகும், மைனரில் பிரேக்குக்கு ஒரே இணைப்புதான். நீளமானது மாற்றிவிட்டேன். ஹேண்ட்பிரேக் கேபிளையும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது.

ஏப்ரல் 17
ஒருவர் கேட்டிருக்கிறார், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) என்ன சொல்லும் என்று. கம்பெனி கொடுத்த உயரத்தை மீட்பது பழுதுபார்ப்பு. அதற்கு மேல் தூக்குவது, ஸ்பிரிங்கை அச்சின் மேல்பக்கம் மாற்றுவது எல்லாம் மாற்றியமைப்பு. வேலையில் இறங்குவதற்கு முன்னால் கவுண்டரில் போய்க் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸிலும் சொல்லிவிடுங்கள்.

மே 21
இனி டயர். குடத்தை உயர்த்தக்கூடிய ஒரே பொருள் இதுதான்.

என் காரில் இருந்தது 155 ஆர் 14. கணக்கில் அதன் விட்டம் சுமார் 610 மில்லிமீட்டர். வேனுக்குப் போடும் 165 ஆர் 14 சுமார் 626. பதினாறு மில்லிமீட்டர் லாபம், குடம் 16 மில்லிமீட்டர் ஏறும். வாங்கி மாட்டிவிட்டேன். வேன் டயருக்குப் பக்கச் சுவர் தடிப்பு. செம்பனை மட்டையின் முள் ஆணி மாதிரி, சாதா டயரின் பக்கத்தில் ஏறினால் ஒட்டுப் போட முடியாது. அதற்காகவே இந்த டயர் நல்லது. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டும், 60 என்றால் உண்மையில் அறுபத்தொன்றரை.

மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மறுபக்கம் முழுக்க அமுங்கும்படி ஆளை உட்காரவைத்துப் பாருங்கள். நேராக நிற்கும்போது விரல் நுழைகிற இடம் அப்போது காணாமல் போகும். எனக்கு நூலிழையில் தப்பியது. இதைவிட அகலமானது வேண்டாம்.

மே 22
நேற்றைய கணக்கில் தப்பைக் காட்டிய பீடோர் நண்பருக்கு நன்றி. விட்டம் 16 கூடினால் அச்சு ஏறுவது அதில் பாதி, 8 மில்லிமீட்டர்தான். நடுவிலிருந்து தரை வரை உள்ளதுதானே கணக்கு! செக்கிளில் பாதி என்று நானே எழுதிவிட்டு டயரில் மறந்துவிட்டேன். இப்போது டேப் வைத்துப் பார்த்தேன். ஆறரை இன்ச் என்றால் 165, இப்போது 173. சரியாக எட்டு.

இத்தனை மாதம், இத்தனை செலவு, குடத்துக்குக் கிடைத்தது எட்டு மில்லிமீட்டர். இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் தம்பி கேட்ட கேள்வியே இதுதான்.

ஜூன் 11
முன்பக்கம் பற்றிக் கேட்டிருந்தார்கள். பின்பக்கம் ஏறியதும் மூக்கு குனிந்த மாதிரி தெரியும். மைனரின் முன்னால் பட்டையும் இல்லை, சுருளும் இல்லை. 1948-இல் இந்தக் கார் வந்தபோதே இதை வடிவமைத்த இசிகோனிஸ் முன்பக்கத்துக்கு டார்ஷன் பார் வைத்துவிட்டார். முறுக்கேறும் நீண்ட இரும்புக் கம்பி. அதன் பின் நுனியில் உள்ள கையை ஒரு துளை மாற்றிப் பூட்டினால் முன்பக்கம் ஏறும். நான் ஒரு துளை மாற்றினேன், பிறகு வீல் அலைன்மென்ட் செய்தேன். அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

உயரத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது கீழ் ட்ரனியன். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பி மரையோடு அதற்குள் திரும்புகிறது. கிரீஸ் வறண்டு சேறு புகுந்தால் மரை தேயும், ஒருநாள் கழன்று சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். பழைய மைனர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து இது. மண் சாலைக்குப் போவதற்கு முன்னும், போய்வந்த பிறகும், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை கிரீஸ் அடியுங்கள்.

ஜூலை 30
இன்று திருவிழா. போய்விட்டு வந்தேன்.

மூன்று நாளாக மழை இல்லை. அம்மா முன்னால், மனைவியும் மகளும் பின்னால், டிக்கியில் அரிசியும் தேங்காயும். அம்மா பால்குடத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார். சேலைத் தலைப்பை மடித்துக் குடத்தின் வாயைச் சுற்றி அணைத்திருந்தார். பெரிய சாலையை விட்டு இறங்கியதும் இரண்டாம் கியர். இடது சக்கரம் நடுமேட்டில், வலது சக்கரம் ஓரப்புல்லில். கார் சாய்ந்து போனது, மேட்டுப் புல் அடியில் உரசும் சரசர சத்தம் மட்டும். முதல் கிலோமீட்டரில் டங் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். வரவில்லை.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு மதகு. அதைத் தாண்டியதும் ஏற்றம். அங்கே மேட்டில் ஏற இடமில்லை, இரண்டு பக்கமும் வெட்டிப்போட்ட மட்டை அடுக்கு. பள்ளத்தில்தான் இறங்க வேண்டும். மைனரின் முதல் கியரில் சிங்க்ரோ கிடையாது, ஓடும்போது போட்டால் பல் கத்தும். நிறுத்தித்தான் போட வேண்டும். நிறுத்தினேன். அம்மா நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே கதவைத் திறந்தார்.

"உங்கப்பாவும் இங்கதான் எல்லாரையும் எறக்கி விடுவாரு. நடங்க, மேல வந்து ஏறிக்குங்கன்னுவாரு."

கித்தா காலத்தில் அந்தச் சாலை மேசை மாதிரி இருந்தது என்று பிப்ரவரியில் எழுதினேன் இல்லையா? நான் சின்னப் பிள்ளை, பின்சீட்டில் தூங்கியிருப்பேன். அம்மா நடந்திருக்கிறார்.

மூன்று பேரும் இறங்கினார்கள். கார் 30 மில்லிமீட்டருக்குமேல் நிமிர்ந்ததைக் கண்ணால் பார்க்க முடிந்தது. நான் தனியாக முதல் கியரில் ஏறினேன். ஒரு இடத்தில் சைலன்சரின் கிளிப் லேசாக உரசியது, அவ்வளவுதான். அம்மா குடத்தோடு மெதுவாக ஏறி வந்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. கோயில் மணி அங்கிருந்தே கேட்டது.

ஆகஸ்ட் 6
புது யூ போல்ட் பட்டைகளோடு சேர்ந்து அமர்ந்த பிறகு தளரும். எல்லா நட்டையும் இன்று சாவி போட்டுப் பார்த்தேன். ஒன்றைத் தவிர மற்றவை அசையவில்லை. வலப்பக்கப் பின் நட்டு ஒன்று கால் சுற்று இறுகியது. வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டரில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அடியைக் கழுவிவிட்டுப் படுத்துப் பார்த்தேன். டாங்கியில் புதுக் கீறல் இல்லை. குடத்தில் செம்மண் மட்டும் மெல்லிசாகத் தடவியிருந்தது, விரலால் துடைத்ததும் போய்விட்டது. வெல்டிங் செய்த இடத்தைத் தட்டினேன், ணங் என்றது.

தெலுக் இந்தான் தம்பி, நான் செய்த மாதிரி நாலு பேரை ஏற்றி அளந்தீர்களா? மாட்டுமிடங்களையும் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஸ்பிரிங் கடைப் பெரியவரின் இடத்தைத் தனியே சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பார்.